அளந்தறிந்த அறிஞர் மகாலனோபிஸ்

நம் முன்னோர் நெல்லை மரக்காலாலும் நிலத்தைக் கோலாலும் அளந்தனர். இன்று நாம் கிலோவும் மீட்டரும் கொண்டு அளக்கிறோம். காய்ச்சலின் கடுமையை அறிய வெப்பமானி உண்டு. மழையின் அளவை அறிய மழைமானி உண்டு. இவற்றால் அளக்கப்படுவன யாவும் கண்ணால் காணவோ உடலால் உணரவோ கூடியவை. கண்ணுக்குப் புலனாகாத மனத்தின் ஆற்றலை எக்கருவி கொண்டு அளப்பது? மாணவன் ஒருவன் கணக்கில் 62 மதிப்பெண் பெற்றான் என்று ஏட்டில் எழுதிவிடுகிறோம். அந்த 62 என்னும் எண் அவனுடைய அறிவை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது? வேறொரு வினாத்தாளுக்கு அவன் விடை எழுதியிருந்தாலும், வேறோர் ஆசிரியர் அவ்விடைத்தாளைத் திருத்தியிருந்தாலும் அவ்வெண் என்னவாகியிருக்கும்? ஓரிரு மதிப்பெண் குறைந்தமையால் விரும்பிய கல்லூரியில் இடம் பெறாமற் போனோர் எத்தனையோ பேர். ஆதலின் இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. இளைஞர் பலருடைய வாழ்க்கையைத் தொடும் வினா. இவ்வினாவின் வழியாகவே புள்ளியியல் துறைக்குள் புகுந்து, பின்னர் அத்துறைக்கு இந்தியாவில் ஒரு நிலையான இல்லத்தையும் அமைத்துக் கொடுத்தவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் ஆவார்.

இவர் 1893 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 29 ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். தந்தையார் பெயர் பிரபோத சந்திரர். அன்னையார் நிரோதபாசினி அம்மையார். பாட்டனார் குருசரணர் கிழக்கு வங்கத்து விக்கிரமபுரத்திலிருந்து கல்கத்தாவிற்குக் குடிபெயர்ந்தவர். பிரம்ம சமாசத்தில் சேர்ந்து, ஊரார் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது கைம்பெண் ஒருவரை மணம் புரிந்துகொண்டவர். பலரும் உண்மையென ஏற்றுக்கொண்டதை ஆராய்ந்து பார்த்த பின்னரே ஒப்புக்கொள்ளும் இயல்பு அக்குடும்பத்தில் வழிவழியாக வந்தது போலும். பிரசாந்தர் பிரம்ம சமாசத்தாரின் பள்ளியில் பயின்று, மாநிலக் கல்லூரியில் இயற்பியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து 1912 இல் பட்டம் பெற்றார். சகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அக்காலத்தில் அங்கே ஆசிரியர்களாக விளங்கினர். மேகநாத சாகா இவருக்குப் பிந்திய வகுப்பு மாணவர்.

மறு ஆண்டு மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்வதே அவர் எண்ணம். ஒருநாள் கேம்பிரிட்சு நகரைச் சுற்றிப்பார்க்கப் போனவர், அங்குள்ள கிங்சு கல்லூரியின் கோயிலழகில் ஈடுபட்டு நேரத்தை மறந்துவிட்டார். திரும்புவதற்குரிய புகைவண்டியும் போய்விட்டது. அன்றிரவு நண்பர் ஒருவருடன் தங்கினார். அக்கல்லூரியிலேயே சேரலாமே என்று அந்நண்பர் கூறிய கருத்து அவர் மனத்தில் பதிந்தது. இலண்டன் செல்லவேண்டியவர் கேம்பிரிட்சு மாணவரானது இவ்வாறுதான். அங்கே 1915 இல் இயற்பியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார்.

கேம்பிரிட்சில் இருந்தபோது நம் கணித மேதை இராமானுசனின் நட்பும் இவருக்குக் கிட்டியது. 1914 இல் அங்கு வந்து சேர்ந்த இராமானுசன் குளிரால் பெரிதும் வருந்தினார். ஒருநாள் அவர் அறைக்குச் சென்ற மகாலனோபிஸ், கட்டிலின் மேல் விரித்து ஓரம் செருகப்பட்டிருந்த கம்பளிகளைப் பயன்படுத்த அறியாமல், மேலங்கியையும் போர்வையையும் போர்த்திக்கொண்டு இராமானுசன் இரவைக் கழித்து வந்தமையைக் கண்டு, கம்பளிக்குள் புகுந்து படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார். வேறொரு நாள், இதழ் ஒன்றில் வந்த கணக்குப் புதிரை மகாலனோபிஸ் படித்துக் கூறினார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டிற்கு இடப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50 க்கு மேல் 500 க்குள் வீடுகள் உள்ளன. அவ்வீட்டின் எண் யாது? மகாலனோபிஸ் சிறிது நேரம் முயன்று, 288 வீடுகளுள் அது 204 ஆம் வீடு எனக் கண்டிருந்தார். இராமானுசனோ அடுப்பின் மேலிருந்த காய்கறியைக் கிளறியபடியே, அத்தகைய தெருக்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு பொது விடையைச் சொல்லிவிட்டார்.

தேர்வில் தேறியபின் இயற்பியல் ஆராய்ச்சியைத் தொடரவேண்டும் என்றிருந்த மகாலனோபிஸ், சிறிது காலம் தாய்நாட்டில் தங்கிவரப் புறப்பட்டார். அப்போது முதல் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்தமையால் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆசிரியர் மெக்காலே என்பவர் ‘பயோமெட்ரிக்கா’ என்னும் ஆராய்ச்சி இதழின் தொகுதிகளைக் காட்டினார். உயிர்களின் அளவைகளைக் கணித முறையால் ஆராய்வதற்காகக் கார்ல் பியர்சன் முதலியோர் 1901 இல் தொடங்கிய இதழ் அது. இளைஞர் அதுவரை வெளிவந்த தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கிக்கொண்டு கப்பலேறினார். கடற்பயணம் முழுதும் படிப்பு. ஊர் வந்து சேர்ந்த பின்னும் படிப்பு. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் பணி கிடைத்தது. அவர் மீண்டும் கேம்பிரிட்சுக்கு ஆராய்ச்சி செய்யத் திரும்பவில்லை. கண்டதை எல்லாம் அளப்பதும், அளந்ததை எல்லாம் ஐயுறுவதும் அவருக்கு வாழ்க்கைத் தொழிலாயின.

அத்தொழிலுக்கு முதல் வாய்ப்பை அளித்தவர் தத்துவப் பேராசிரியர் பிரசேந்திரநாத சீல் ஆவார். இவர் பிற்காலத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனைமுறை உளவியலுக்கு முதன்முதலாகப் பாடத்திட்டம் வகுத்தவரும் இவரே. மனத்தைப் பற்றித் தருக்கம் செய்வதோடு நில்லாது அதனைச் சோதித்தும் அறிதல் வேண்டும் என்னும் நோக்குடைய அவர், 1917 இல் பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகளைப் புள்ளியியல் முறையால் ஆராயும் பணியை இளைஞர் மகாலனோபிசிடம் ஒப்படைத்தார்.

தேர்வு முடிவில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். நமக்கு அறிமுகமான ஊர் ஒன்றைக் கொண்டே இதனை விளக்கிக் காண்போம். தென்காசிக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் அச்சன்புதூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே இரு வகுப்புகளில் ஐந்து ஐந்து மாணவர் ஒரே கணக்குத் தேர்வை எழுதினர் என்று கொள்வோம். முதல் வகுப்பார் பெற்றவை 48, 49, 50, 51, 52. இரண்டாம் வகுப்பார் பெற்றவை 10, 30, 50, 70, 90. இரண்டு வகுப்புக்கும் சராசரி 50. நடுவில் நிற்கும் மாணவனின் மதிப்பெண்ணாகிய இடைநிலையும் இரண்டிலும் 50. சராசரியை மட்டும் கேட்டறிந்த ஒருவர் இவ்விரு வகுப்பும் ஒன்றே என்று எண்ணுவார். வகுப்பிற்குள் நுழைந்து பாடம் நடத்தும் ஆசிரியருக்கோ இவை இரண்டும் இருவேறு உலகங்கள். முதல் வகுப்பில் எல்லார்க்கும் ஒரே பாடம் போதும். இரண்டாம் வகுப்பிலோ ஒருவன் எண்ணவே தடுமாறுகிறான். மற்றொருவன் ஆசிரியரை முந்துகிறான்.

சராசரியின் இக்குறையைத் தென்காசி வட்டாரத்தார்க்கு எடுத்துக் கூறவும் வேண்டுமோ? குற்றால அருவியில் ஆண்டு முழுதும் விழும் நீரைக் கூட்டி 12 ஆல் வகுத்துத் திங்கள் சராசரி இவ்வளவு என்று ஒருவர் கூறினால், அதை நம்பிச் சித்திரை வெயிலில் நீராட வருபவர் வறண்ட பாறையைக் கண்டு திரும்ப நேரிடலாம். சாரல் காலமும் கோடையும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் உடன் கூறினால்தான் அச்சராசரிக்குப் பொருள் உண்டு.

இவ்வேறுபாட்டை ஓர் எண்ணாகக் கூறுவதற்குப் புள்ளியியலார் திட்டவிலக்கம் என்னும் அளவையைக் கையாளுகின்றனர். ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று கண்டு, அவ்விலக்கங்களை வர்க்கமாக்கி, அவற்றின் சராசரியைக் கண்டு, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் திட்டவிலக்கம் கிடைக்கும். அச்சன்புதூர்க் கணக்கில் முதல் வகுப்பின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 1.4, இரண்டாம் வகுப்பினது ஏறத்தாழ 28.3. சராசரி மறைத்ததை இவ்வெண் வெளிப்படுத்திவிடுகிறது. மேலும், மாணவன் ஒருவன் தமிழில் 60, கணக்கில் 70 பெற்றான் எனின், கணக்கிலேதான் சிறந்தவன் என்று பெற்றோர் முடிவு செய்துவிடுவர். தமிழில் வகுப்பின் சராசரி 50, திட்டவிலக்கம் 5 என்றும், கணக்கில் சராசரி 60, திட்டவிலக்கம் 20 என்றும் வைத்துக்கொள்வோம். தமிழில் அவன் சராசரிக்கு இரண்டு திட்டவிலக்கம் மேலே நிற்கிறான். கணக்கிலோ அரைத் திட்டவிலக்கமே மேலே நிற்கிறான். அவ்வகுப்பில் அவன் தனித்து விளங்குவது தமிழில்தான். மாணவர் மிகப் பலரது மதிப்பெண்கள் மணியின் வடிவில், நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்து பரவி நிற்குமாயின், அதனை இயல்நிலைப் பரவல் என்பர். அத்தகைய பரவலில் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பேர் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்டவிலக்கத்திற்குள் அமைவர்.

இவையெல்லாம் மதிப்பெண் சரியானது என்று வைத்துக்கொண்டு செய்யும் கணக்குகள். மதிப்பெண்ணே ஐயத்திற்குரியதாயின் என் செய்வது? இவ்விடத்தில் வங்கத்தோடு தொடர்புடைய இன்னோர் அறிஞரை நினைவு கூர்தல் தகும். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை ஆராய வந்த குழுவில் உறுப்பினராகவும், பின்னர் டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் இருந்த பிலிப் ஆர்ட்டாக், இங்கிலாந்து திரும்பியபின் தேர்வுகளையே தேர்வுக்கு உட்படுத்தினார். 1935 இல் அவரும் ரோட்சு என்பவரும் வெளியிட்ட ஆய்வில் ஒரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. வரலாற்று விடைத்தாள்கள் 15, தேர்வாளர் 14 பேரிடம், ஓராண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் இரண்டாம் முறை கொடுக்கப்பட்டன. மொத்தம் 210 முடிவுகளில் 92 மாறிவிட்டன. விடைத்தாள் அதே, திருத்திய கையும் அதே, தீர்ப்புமட்டும் வேறு.

ஒரே பொருளை மீண்டும் அளந்தால் அதே அளவு வரவேண்டும். அளவையின் இத்தன்மையே நம்பகத்தன்மை எனப்படும். இதனை அளந்தறிய உதவுவது உடன்தொடர்புக் கெழு. இரு முறை பெற்ற மதிப்பெண்களும் முற்றிலும் ஒத்து ஏறி இறங்குமாயின் கெழு 1. தொடர்பே இல்லையெனின் 0. ஒன்று ஏற ஒன்று இறங்குமாயின் கெழு எதிரெண்ணாகும். சார்லசு ஸ்பியர்மன் என்னும் ஆங்கிலேயர் 1904 இல் இக்கெழுவை மனத்தின் அளவைகளுக்குப் பயன்படுத்தி வழிகாட்டினார். தேர்வொன்றின் திட்டவிலக்கம் 10, நம்பகத்தன்மைக் கெழு 0.84 என்போம். அப்போது ஒரு மாணவனின் மதிப்பெண்ணில் உள்ள பிழையின் அளவு ஏறத்தாழ 4 என்று கணக்கிடலாம். 62 பெற்றவனின் உண்மையான நிலை 58 க்கும் 66 க்கும் இடையே இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் அவ்வெல்லைக்கும் அப்பால் போதலும் கூடும். 61 பெற்றவனை வெளியே நிறுத்தி 62 பெற்றவனை உள்ளே அழைக்கும் கோட்டின் வலிமை இவ்வளவுதான். 0.84 என்பது தாழ்ந்த கெழுவும் அன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நம்பகத்தன்மை மட்டும் போதாது. எடை குறைத்துக் காட்டும் தராசு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைத்துக் காட்டினால் அது மாறாத தராசுதான். நேர்மையான தராசு அன்று. எதை அளக்க எண்ணினோமோ அதையே அளக்கும் தன்மைக்கு ஏற்புடைமை என்று பெயர். கணக்குத் தேர்வின் வினாக்களைக் கடினமான நீண்ட வாக்கியங்களில் அமைத்துவிட்டால், அத்தேர்வு கணக்கறிவை அளவாது. படித்துப் பொருள் கொள்ளும் திறனையே அளக்கும்.

இத்தகைய சிந்தனையில் ஈடுபட்ட மகாலனோபிசுக்கு 1920 இல் நாகபுரியில் கூடிய அறிவியல் மாநாட்டில் நெல்சன் அன்னந்தேல் அறிமுகமானார். விலங்கியல் ஆய்வுத்துறையின் தலைவரான அவர், கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரின் உடலளவைகளைத் திரட்டி வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்து தருமாறு வேண்டினார். ஆடவரின் உயரத்தைப் பற்றிய மகாலனோபிசின் ஆராய்ச்சி 1922 இல் வெளிவந்தது. அதே காலத்தில் வானிலைத் துறைப் பணியும் வந்து சேர்ந்தது. 1922 இல் வடவங்கத்தையும் 1926 இல் ஒரிசாவையும் வெள்ளம் அழித்தபோது பல ஆண்டு மழைக்கணக்கை ஆராய்ந்தார். ஒரிசாவில் பிராமணி ஆற்றின் படுகை மேடிட்டுவிட்டது, ஆகவே கரையை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர் எண்ணியிருந்தனர். படுகை மேடிடவில்லை, பெய்த மழையே மிகுதி என்று அவர் புள்ளிகளைக் கொண்டு காட்டினார். 1923 இல் அவர் நிர்மலகுமாரி அம்மையாரை மணந்தார். மணமகளின் தந்தையார் உடன்படாதிருந்தும் அத்திருமணம் நடைபெற்றது. கணவரும் மனைவியும் கவியரசர் இரவீந்திரநாத தாகூருக்கு நெருங்கிய அன்பராயினர். அவருடைய விசுவபாரதியின் செயலாளர் பொறுப்பையும் மகாலனோபிஸ் பல ஆண்டுகள் ஏற்றிருந்தார்.

மாநிலக் கல்லூரியின் இயற்பியல் பகுதியில் அவருக்குக் கிடைத்த ஓர் அறையே புள்ளியியல் ஆய்வுக்கூடமாக விளங்கியது. 1931 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் கூடிய கூட்டத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. முதல் ஆண்டில் நிறுவனத்தின் செலவு மொத்தம் 238 ரூபாய். பெருநிறுவனங்கள் எல்லாம் பெரும்பொருள் கொண்டே தொடங்கும் என்று எண்ணுவோர் இத்தொகையை ஒருமுறை நோக்குவாராக. 1933 இல் ‘சங்கியா’ என்னும் ஆராய்ச்சி இதழை அவர் தொடங்கினார். சங்கியை என்னும் வடசொல் எண்ணையும் குறிக்கும். ஆராய்ந்து தெளிந்த அறிவோடும் தொடர்புடையது. தமிழிலும் எண் என்னும் ஒரு சொல்லே எண்ணிக்கையையும் எண்ணத்தையும் குறித்து நிற்கிறது.

அவ்விதழின் முதல் தொகுதியிலேயே, வங்கமொழியில் அமைந்த குழு நுண்ணறிவுச் சோதனை ஒன்றைப் பற்றிய அவருடைய புள்ளியியல் ஆராய்ச்சி வெளியாயிற்று. 1917 இல் தேர்வுப் புள்ளிகளோடு தொடங்கிய பணியின் நேர்வளர்ச்சி இஃது எனலாம். நுண்ணறிவுச் சோதனை முறையை முதலில் வகுத்தவர் பிரெஞ்சு நாட்டு ஆல்பிரட் பினே. பாரிசு நகரப் பள்ளிகளில் தனிக் கவனம் வேண்டிய குழந்தைகளைக் கண்டறிந்து உதவும்பொருட்டு 1905 இல் அவர் அதனை அமைத்தார். பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவிற்று. பரவிய இடங்களில் அது எப்போதும் நன்மையே செய்தது என்று கூறுவதற்கில்லை. மொழியும் சூழலும் அறியாத குடியேறிகளிடம் தம் மொழிச் சோதனையைக் கொடுத்து, குறைந்த மதிப்பெண் பெற்றவரை அறிவிலிகள் என்று முத்திரையிட்ட கொடுமையும் மேலை நாடுகளில் நிகழ்ந்தது. பனிக்கட்டியில் சறுக்கி விளையாடுவதைப் பற்றிய வினாவிற்கு அச்சன்புதூர்ச் சிறுவன் விழிப்பான். வயலுக்கு மடை திறப்பதைப் பற்றிய வினாவிற்கு இலண்டன் சிறுவன் விழிப்பான். இருவருள் எவனுக்கு அறிவு குறைவு?

ஆகையால் ஒரு சோதனையை நம் மாணவர்க்குக் கொடுக்குமுன் அது நம் மொழியில் அமைய வேண்டும். நம் மாணவர் பலரிடம் அதனைக் கொடுத்துச் சராசரியும் பரவலும் காண வேண்டும். அதன் நம்பகத்தன்மையை ஆராய வேண்டும். இவ்வாறு பெற்ற பொதுநிலை அளவோடு ஒப்பிட்டால்தான் தனி மாணவனின் மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டாகும். இந்திய மொழி ஒன்றில் நடந்த சோதனையின் புள்ளிகளைப் புள்ளியியல் முறையால் மகாலனோபிஸ் ஆராய்ந்த அக்காலத்தில், நம் நாட்டில் அவ்வாறு செய்வார் மிகச் சிலரே.

உலகோர் அவர் பெயரை இன்றும் நாள்தோறும் வழங்குவது மகாலனோபிஸ் தொலைவு என்னும் கருத்தினால் ஆகும். 1936 இல் வெளிவந்த கட்டுரையில் அதன் முழுவடிவைக் காணலாம். இரண்டு கூட்டத்தார் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்துள்ளனர் என்பதை ஒரே அளவையால் அறிய இயலாது. பல அளவைகள் வேண்டும். ஆயின் உயரமானவனுக்குக் கையும் நீளமாகவே இருக்கும். உயரத்தையும் கைநீளத்தையும் தனித்தனி வேறுபாடாகக் கணக்கிட்டால் ஒரே வேறுபாட்டை இருமுறை எண்ணியதாகிவிடும். அளவைகளிடையே உள்ள உடன்தொடர்பைக் கருத்திற்கொண்டு, இரட்டிப்பை நீக்கி, உண்மையான இடைவெளியைக் கூறுவதே இத்தொலைவு. உளவியல் சோதனைகளிலும் இது பயன்படுகிறது. சொல்வளத்தில் மிக உயர்ந்தும் படித்தறிதலில் மிகத் தாழ்ந்தும் ஒரு மாணவன் மதிப்பெண் பெற்றால், தனித்தனியே நோக்கும்போது இரண்டும் பிறர் பெறக்கூடிய மதிப்பெண்களே. சேர்த்து நோக்கும்போதுதான் அது வழக்கத்திற்கு மாறானது என்பது தெரியும். அவனுக்குப் பார்வைக்குறையோ வேறு இடரோ உண்டா என்று ஆசிரியர் விசாரிக்க அது தூண்டும். மக்கட்குழுவினரின் உடலளவைகளை ஒப்பிடப் பிறந்த கருத்து, ஒரு குழந்தையின் இடரைக் கண்டறியவும் உதவுவது பெரிதும் மகிழத்தக்கது. முதற்பயனைவிட இப்பயனே உயர்ந்தது என்பது என் கருத்து.

1937 முதல் வங்கத்தின் சணல் விளைச்சலை மதிப்பிடும் பணி நடந்தது. இங்கே மகாலனோபிசின் புகழ் நாடறிந்ததாயிற்று. எல்லா வயலையும் அளக்காமல், தேர்ந்தெடுத்த சில வயல்களை மட்டும் அளந்து முழு மாகாணத்தின் விளைவையும் மதிப்பிடும் முறையை அவர் பெருமளவில் நடத்திக் காட்டினார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டுப் பழமொழி. அதனுள் ஒரு நிபந்தனை மறைந்து கிடக்கிறது. பானையை நன்றாகக் கிளறிய பின் எடுத்த சோறாக அது இருக்க வேண்டும். மேலாக எடுத்த பருக்கை அடியில் வெந்ததைக் கூறாது. அச்சன்புதூர் நெல்விளைச்சலை அறிய விரும்புவோன் சாலையோரத்து வயல்களை மட்டும் பார்த்துத் திரும்பினால் அவன் கணக்குப் பொய்க்கும். மடைக்கு அண்மையில் உள்ள வயலும் கடைமடை வயலும் தேர்வில் இடம்பெறச் சமவாய்ப்பு இருத்தல் வேண்டும். அந்தக் கிளறுதலையே புள்ளியியலார் சமவாய்ப்புத் தேர்வு என்கின்றனர்.

மகாலனோபிஸ் இதனோடும் நிறைவுறவில்லை. ஒரே பகுதிக்கு இரண்டு குழுவினரை அனுப்பினார். இரு குழுவும் ஒன்றையொன்று கலந்துகொள்ளாமல், தனித்தனி மாதிரிகளை அளந்து வரவேண்டும். இரு கணக்கும் நெருங்கி அமைந்தால் அளவையை நம்பலாம். பெரிதும் வேறுபட்டால் அளந்தவரிடமோ அளந்த முறையிலோ குறை உண்டு. ஒரு விடைத்தாளை இரு தேர்வாளர் தனித்தனியே திருத்துவதும் இதுவே; ஒரு சோதனையை இரு பாதியாகப் பிரித்து இரு மதிப்பெண்களையும் ஒப்பிடுவதும் இதுவே. வகுப்பறையில் எழுந்த ஐயம் வயல்வெளிக்கும் விடை தந்தது. ஆயிரக்கணக்கானோர் வயல்தோறும் சென்று எடுத்த முழுக்கணக்கைவிட, சில நூறு பேர் கவனமாக எடுத்த மாதிரிக்கணக்கு வணிகர் ஏட்டின் உண்மைத் தொகையை மிகவும் நெருங்கி நின்றதுண்டு. செலவோ அதில் ஒரு சிறு பங்கு. தொடக்கத்தில் இம்முறையை அதிகாரிகள் பலர் நம்பவில்லை. சிலவற்றைப் பார்த்து அனைத்தையும் கூறுவது அவர்கட்குச் சோதிடம்போல் தோன்றிற்று. சோதிடர் தம் கணிப்பின் பிழை இவ்வளவு என்று உடன் கூறுவதில்லை, மகாலனோபிஸ் கூறினார்.

பிற்காலப் பெருமைகளைச் சுருக்கமாகவே கூறலாம். 1945 இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1950 இல் தேசிய மாதிரிக் கணக்காய்வு இவர் முயற்சியால் தொடங்கியது. பிரதமர் நேருவின் நம்பிக்கையைப் பெற்று, 1956 இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் அமைப்பை வகுத்தார். பெருந்தொழில்களுக்கு அத்திட்டம் தந்த முதன்மையைக் குறைகூறிய பொருளியலாரும் உண்டு. அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 1959 இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நாட்டின் சிறப்புநிறுவனமாக ஏற்றது. 238 ரூபாயில் தொடங்கிய நிறுவனம் கல்கத்தாவை அடுத்த பராநகரில் விரிந்த வளாகம் கண்டது. சி. ஆர். ராவ் போன்ற உலகறிந்த அறிஞர்களை அது உருவாக்கியது. அங்கே கணிதத்திற்கும் பொருளியலுக்கும் அமைந்தது போன்றே உளவியல் ஆராய்ச்சிக்கும் ஒரு பிரிவு உண்டு. 1968 இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது.

1972 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள் கல்கத்தாவில் அவர் காலமானார். மறுநாள் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும். அவர் பிறந்த ஜூன் 29 ஆம் நாளை 2007 முதல் இந்திய அரசு தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடி வருகிறது.